இடமில்லாத பாட்டு

மீன் பாடுமா என்று மட்டக்களப்பில் கேட்டால் சிரிப்பார்கள். எப்போது, எந்தப் பக்கம் என்று கேட்டால்தான் பேச்சு தொடங்கும். மழை இல்லாத மாதம், போயாப் பௌர்ணமியை ஒட்டிய இரவு, காற்று விழுந்த நேரம், வாவியில் கல்லடிப் பாலத்தடி. அங்கே 1920களில் கட்டிய லேடி மனிங் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் புதுப்பாலம் வந்த பிறகு வாகன இரைச்சல் கூடிவிட்டது. நடுச்சாமம் தாண்டிப் போவதே புத்தி.

கரையில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். நீருக்குள் பிறக்கும் ஒலி மேற்பரப்பில் பட்டு ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். ஆயிரத்தில் ஒரு பங்குதான் காற்றுக்குத் தப்பி வரும். தோணிக்காரர்கள் இதற்குக் கண்ட வழி துடுப்பு. ஒரு நுனியை நீருக்குள் இறக்கி, மறுநுனியைக் காதோடு சேர்த்துப் பிடிப்பது. 1848இல் இங்கே வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட்டும் தோணிப் பலகையில் காதை வைத்தபோது ஒலி பெருகியதை எழுதி வைத்திருக்கிறார். ஈர விரலால் கண்ணாடிக் கிண்ண விளிம்பைத் தேய்த்தால் எழும் இசையை அது அவருக்கு நினைவூட்டியது. பாடுவது ஊரி எனும் நீர்நத்தை என்று அவரிடம் ஊரார் சொன்னார்கள். ஊரியா மீனா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. கேட்பது ஊரி என்பதில் மட்டும் தகராறு இல்லை: உட்காதில் ஒலியை நரம்புத் துடிப்பாக மாற்றும் உறுப்பு அசல் ஊரிச் சுருள்தான்.

"காதுக்குள்ள குத்தாத மனே, பின்னெலும்பில வை" என்றார் என்னைக் கூட்டிப்போன பெரியவர். வைத்தேன். முதலில் நீரின் அலம்பல். அது பழகியதும் அடியில் நீளமாக ஒரு சுருதி, அதன்மேல் மெல்லிய வேறொன்று. ஆனால் என்னைச் சொக்க வைத்தது சுருதியில்லை. பாட்டு வாவியில் இல்லை, துடுப்பில் இல்லை. என் மண்டைக்கு நடுவில் இருந்தது.

ஏன் அப்படி என்பது மூளைத்தண்டின் சங்கதி. செவிநரம்பு அதற்குள் நுழைந்த முதல் நிலையத்திலேயே வேலை பிரிந்துவிடுகிறது. ஒலி தொடங்கிய கணத்தை மட்டும் குறிக்கிற உயிரணுக்கள் உண்டு. தாழ்ந்த ஒலிகளில் அலையின் ஏற்ற இறக்கத்தை ஒட்டியே துடிக்கிற உயிரணுக்களும் உண்டு. இந்த இரண்டாம் வகையை வந்து தொடும் நரம்புமுனை அசாதாரணமானது. உள்ளங்கையால் எலுமிச்சம்பழத்தைப் பொத்திப் பிடிப்பதுபோல் உயிரணுவைக் கவ்வியிருக்கும். ஹான்ஸ் ஹெல்ட் என்ற ஜெர்மானியர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வர்ணித்த முனை அது. நேரம் பிசகாமல் சேதியைக் கைமாற்றத்தான் இவ்வளவு பெரிய பிடி.

அந்த நேரச் சுத்தம் அடுத்த படியில் செலவாகிறது. மேல் ஒலிவம் எனும் கொத்தில் இடக்காதும் வலக்காதும் முதன்முறையாக நன்றாக ஒப்பிடப்படுகின்றன. வலப்புறத்து ஒலி வலக்காதுக்கு முந்தி வரும்; முந்துவது அதிகம் போனால் நொடியை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு கூட இல்லை. நல்ல காது நொடியின் லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தையும் பிடித்துவிடும். எந்தக் காதில் ஒலி கூடுதல் பலமாகப் படுகிறது என்ற கணக்கும் இங்கேயே பார்க்கப்படுகிறது. பிறகு நடுமூளையின் முதுகிலுள்ள இரு சின்ன மேடுகளில் இடமும் சுருதியும் தாளமும் ஒன்றுகூடி மேலே போகின்றன. வட்டக்களரியில் வடமோடிக் கூத்து ஆடும்போது, கண்ணை மூடிக்கொண்டே அண்ணாவியாரின் மத்தளம் எங்கே என்று விரல் நீட்டிக் காட்ட முடிவது இதனால்தான்.

துடுப்பு இந்த ஏற்பாட்டைக் குழப்பிவிடுகிறது. மண்டையோட்டில் வைத்த அதிர்வு இரண்டு ஊரிச் சுருளுக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில், ஒரே அளவில் போய்ச் சேரும். முந்தியது எது என்று கேட்டால் ஒலிவத்திடம் பதில் இல்லை. தலையை நீருக்குள் விட்டாலும் கைகூடாது. நீரில் ஒலி காற்றைவிட நாலு மடங்குக்கு மேல் வேகம், இரு காதுக்கிடையிலான நேர இடைவெளி அந்த அளவுக்குச் சுருங்கிவிடும்.

காரைதீவுக்காரரான சுவாமி விபுலாநந்தர் இந்த ஒலியை நீரரமகளிர் பாட்டாக வைத்துப் பாடினார். விஞ்ஞானப் பட்டதாரி, யாழ் நூலில் சுருதியைக் கணக்குப் போட்டு எழுதியவர். அவருக்கும் கன்னியர் தேவைப்பட்டார்கள். உடம்பும் இடமும் இல்லாத குரலுக்கு வேறு யாரைப் பொறுப்பாக்குவது? அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. காது சொன்னதைத்தான் அப்படியே எழுதினார்.

பாடும் மீனைப் பற்றி நிச்சயமாகத் தெரிந்தது அமெரிக்காவின் பசிபிக் கரையில். அங்கே 'மிட்ஷிப்மன்' என்ற மீனின் ஆண்கள் இரவெல்லாம் முனகும். இரண்டு ஆண்கள் அருகருகே சற்றே விலகிய சுருதியில் முனகினால், ஒலி ஏறி இறங்கி அலையும். தம்பூரா சேர்ப்பவர்கள் தவிர்க்கப் பார்க்கும் அதே அலைவு. அந்த மீனின் நடுமூளையில், நமது சின்ன மேட்டுக்கு நிகரான பகுதியில், இந்த அலைவின் வேகத்துக்கென்றே இசைந்த உயிரணுக்களைக் கண்டிருக்கிறார்கள். ரசனையில் அவை நமக்கு மூத்தவை.

கடந்த நூற்றாண்டின் நடுவில் லாங் பாதிரியார் எடுத்த வாவிப் பதிவு இலங்கை வானொலியில் ஒலித்தது. வானொலிப் பெட்டியில் கேட்டவர்களுக்குப் பாட்டு மேசை மூலையிலிருந்து வந்திருக்கும். பாதி அழகு அங்கேயே போயிற்று. இப்படியான பதிவு கிடைத்தால் ஹெட்போனில் கேளுங்கள். இரு காதுக்கும் ஒரே ஒலி போகும். தோணியும் துடுப்பும் இல்லாமலே பாட்டு மண்டைக்கு நடுவில் வந்து உட்காரும்.