பொதிமாடு ஓரடி எடுத்து வைத்தால்

ஒருவன் வழியில் போகிறான். எதிரே ஒரு பொதிமாடு வருகிறது. அதன் முதுகில் ஒரு பெட்டி, பெட்டி நிறையச் செல்வம். அவன் பெட்டியைத் தொடவில்லை. பூட்டை அசைத்துக்கூடப் பார்க்கவில்லை. மாட்டை மட்டும் தனக்குத் தோதான திசையில் ஓட்டுகிறான். மாடு நகரத் தொடங்கியதுமே பெட்டிக்குள் இருப்பதை அவன் திருடியாகிவிட்டது.

கதையல்ல, சட்டம். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில், நம் வாய்வழக்கில் இ.பி.கோ.வில், 378ஆம் பிரிவின் கீழ் வரும் மூன்றாவது உதாரணம் இது. இ.பி.கோ. என்றால் நமக்கு எண்கள்தாம் நினைவுக்கு வரும்: 302, 307, எல்லாருக்கும் தெரிந்த 420. எண்ணைத் தாண்டிப் பிரிவைப் படிக்கிறவர்கள் கொஞ்சம். பிரிவுக்குக் கீழே வரும் உதாரணங்களை நிறுத்திப் படிக்கிறவர்கள் அதிலும் கொஞ்சம். எனக்கோ அந்தச் சட்டத்தின் ருசி முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

அந்த உதாரணங்களில் நடமாடுகிறவர்களுக்குப் பெயரில்லை, சாதியில்லை. காரியம் செய்கிறவன் ஏ. அது யார்மேல் போய் விழுகிறதோ அவர் இசட். நடுவே பி என்று ஒருவர் எட்டிப் பார்ப்பார். மூன்று எழுத்தை வைத்துக்கொண்டு திருட்டு என்ற ஒரே பிரிவில் பதினாறு கதை சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலானவை மூன்று நான்கு வாக்கியத்தில் முடிகின்றன.

திருட்டுக்கு இந்தச் சட்டம் கேட்பவை சில: அசையும் பொருளாக இருக்க வேண்டும், இன்னொருவர் கைவசம் இருக்க வேண்டும், அவர் சம்மதம் இருக்கக் கூடாது, எடுப்பவனுக்கு நேர்மையற்ற எண்ணம் இருக்க வேண்டும். இவற்றோடு இன்னொன்று: பொருளை நகர்த்த வேண்டும். இந்த 'நகர்த்த' என்ற சொல்லில்தான் நயமெல்லாம். கொண்டுபோக வேண்டியதில்லை, வாசலைத் தாண்ட வேண்டியதில்லை. நகர்ந்தால் போதும். ஒரு விலங்கை நகரச் செய்தவன், அந்த விலங்கு நகர்வதால் நகரும் அத்தனையையும் நகர்த்தியவனாவான் என்று சட்டமே ஒரு விளக்கம் தருகிறது. மாட்டின் குளம்பு பெயர்ந்ததும் முதுகில் பெட்டி அசைகிறது; பெட்டி அசைந்ததும் உள்ளிருக்கும் பொருள் அசைகிறது. மூன்று அசைவும் ஒரே கணம். அந்தக் கணத்தை விரல்நுனியில் தொட்டுக் காட்டுகிறது சட்டம்.

இசட்டின் நிலத்து மரத்தை ஏ வெட்டுகிறான். நிற்கும் மரம் மண்ணோடு ஒட்டியது, அசையாப் பொருள். அதைத் திருட முடியாது. வெட்டுண்டு வேரைப் பிரிந்ததும் அது அசையும் பொருள், பிரித்ததே நகர்த்தலும் ஆயிற்று. அடுத்தது நாய். நாய்க்குப் பிடித்த தீனியைப் பையில் போட்டுக்கொண்டு ஏ நடக்கிறான். கயிறில்லை, கூப்பாடில்லை. நாய் தானாக வாலாட்டிக்கொண்டு பின்னால் வருகிறது. அது பின்தொடரத் தொடங்கியதும் திருட்டு.

இவற்றையெல்லாம் விட எனக்குப் பிடித்தது மோதிரம். இசட்டின் வீட்டு மேசைமேல் அவர் மோதிரம் கிடக்கிறது. ஏ பார்க்கிறான். உடனே எடுத்தால் தேடுவார்கள், அகப்பட்டுக்கொள்வோம் என்று பயம். அதனால் அதை இசட் கண்டுபிடிக்கவே வாய்ப்பில்லாத ஓரிடத்தில் ஒளித்து வைக்கிறான். மோதிரம் காணாமற்போனது மறந்த பிறகு வந்து எடுத்து விற்றுக்கொள்ளலாம் என்று கணக்கு. முதலில் மோதிரத்தை நகர்த்தியபோதே திருட்டு முடிந்துவிட்டது என்கிறது சட்டம். அவன் பயம், காத்திருக்கும் பொறுமை, இசட்டின் மறதியின் மேல் அவன் வைத்திருக்கும் நம்பிக்கை எல்லாம் இந்தச் சில வரிக்குள் வந்துவிடுகின்றன. ஒரு சிறுகதைக்காரர் இதை நான்கு பக்கம் எழுதியிருப்பார், நானாக இருந்தால் எட்டு.

இன்னொரு மோதிரம் பொதுச்சாலையில், யார் கைவசமும் இல்லாமல் கிடக்கிறது. அதை எடுத்தவன் திருடன் அல்ல. எடுத்து என்ன செய்கிறான் என்பதைப் பொறுத்து அது கையாடலாகலாம். பொருள் அதேதான். கிடந்த இடம் மாறினால் குற்றத்தின் பெயரே மாறுகிறது.

தன் சொந்தக் கடிகாரத்தையே ஒருவன் திருட முடியுமா? முடியும். பழுதுபார்க்கக் கொடுத்த கடிகாரத்தை, கடைக்காரருக்குக் கடன் எதுவும் இல்லாதபோது வெளிப்படையாக நுழைந்து பலவந்தமாகப் பிடுங்கி வந்தால், அத்துமீறி நுழைந்ததும் தாக்கியதும் குற்றமாகலாம், திருட்டு ஆகாது. ஆனால் கூலி பாக்கி இருந்து, அதற்கு ஈடாகக் கடைக்காரர் கடிகாரத்தை வைத்திருக்கும்போது அந்த ஈட்டை அவரிடமிருந்து பறிக்கும் எண்ணத்தோடு எடுத்தால் திருட்டு.

நண்பர் வீட்டில் இல்லாத நேரம் போய், படித்துவிட்டுத் தருவோம் என்று அவர் நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வருகிறவனையும் சட்டம் கவனித்திருக்கிறது. நட்பின் உரிமையில் நண்பர் சம்மதிப்பார் என்று அவன் உண்மையாகவே நினைத்திருந்தால் திருட்டில்லையாம். என் அலமாரியில் விழுந்திருக்கும் இடைவெளிகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்த உதாரணத்தை எழுதியவர் புத்தகம் இரவல் கொடுத்தவரா, வாங்கியவரா என்று யோசிப்பேன்.

பிச்சை கேட்டு வந்தவனுக்கு இசட்டின் மனைவி பணமும் சோறும் துணியும் கொடுக்கிறாள். எல்லாம் கணவனின் பொருள் என்று வாங்குகிறவனுக்குத் தெரியும். ஆனாலும், தருமம் செய்ய வீட்டுக்காரிக்கு அதிகாரம் உண்டு என்று அவன் நம்பியிருக்கலாம், ஆகவே குற்றமில்லை. உடனே அடுத்த உதாரணம். அதே மனைவி, அதே கை. வாங்குகிறவன் அவளுடைய கள்ளக்காதலன், கொடுப்பது விலையுயர்ந்த பொருள். இப்போது திருட்டு. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தவருக்கு நகைச்சுவை இல்லை என்று யார் சொல்ல முடியும்?

இந்தத் தண்டனைச் சட்டத்தின் மூல வரைவு மெக்காலே தலைமையில் 1837இல் முடிந்தது. அலமாரியில் இருபது ஆண்டுக்கு மேல் தூங்கி, பார்ன்ஸ் பீக்காக் போன்ற சட்ட வல்லுநர்கள் கைபட்டு, 1860 அக்டோபர் 6இல் சட்டமானது. 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1859 டிசம்பரிலேயே மெக்காலே இறந்துவிட்டார். இந்திய மொழிகளின் நூல்களை ஒரே வீச்சில் மட்டம் தட்டிய மனிதர் அவர். அந்தக் கோபம் எனக்கு உண்டு. 1834இல் அவர் முதலில் இறங்கியது சென்னையில். ஊட்டியில் இருந்த தலைமை ஆளுநர் பென்டிங்கைப் பார்க்க ஆள் தோளில், பல்லக்கில் போனார். 350ஆம் பிரிவில் பல்லக்கில் போகும் இசட்டின் கதை ஒன்று வருகிறது. கொள்ளையடிக்க நினைக்கும் ஏ பல்லக்கின் தண்டைப் பிடித்து நிறுத்துகிறான். உள்ளே இருப்பவரை விரலால்கூடத் தொடவில்லை. ஆனாலும் அவர் பயணம் நின்றதால் அவர்மேல் பலம் பிரயோகித்தவனாகிறான். ஊட்டிப் பயணந்தான் இந்த வரியாயிற்று என்று சாதிக்க மாட்டேன். படிக்கும்போது நினைவு அங்கே போவதை நிறுத்தவும் முடியவில்லை.

சென்னைக்காரர்களுக்கு 425ஆம் பிரிவில் ஓர் உதாரணம் இருக்கிறது: இசட்டின் ஐஸ் கிடங்குக்குள் தண்ணீரைப் பாய்ச்சி ஏ பனிக்கட்டியைக் கரைத்துவிடுகிறான். சொத்துச் சேதம் என்ற குற்றத்துக்கு இதைவிடக் குளிர்ந்த உதாரணம் கிடைக்காது. அமெரிக்க வியாபாரி டியூடரின் பனிக்கட்டி கடல் கடந்து வந்து இறங்கிய காலம் அது. அதற்காக 1842இல் கட்டிய கிடங்கு மெரினா எதிரே இன்றும் நிற்கிறது. நாம் ஐஸ் ஹவுஸ் என்போம். பலகையில் விவேகானந்தர் இல்லம்.

1872இன் ஒப்பந்தச் சட்டத்திலும் இந்த ருசி உண்டு. நோயுள்ள குதிரை என்று தெரிந்தும் வாய் திறக்காமல் ஏலத்தில் விற்கிறான் ஏ. மோசடி இல்லை, வாங்குகிறவன் பார்த்து வாங்க வேண்டியது. ஆனால் வாங்குவது ஏயின் மகள், இப்போதுதான் மேஜர் ஆனவள் என்றால் சொல்லியே தீர வேண்டும். சந்தையின் மௌனம் வேறு, தகப்பனின் மௌனம் வேறு. மந்திரத்தால் புதையல் எடுத்துத் தருகிறேன் என்ற ஒப்பந்தம் செல்லாது என்பதும் அதே சட்டந்தான். அதைப் பத்திரிகைகளின் விளம்பரப் பக்கத்தில் அச்சிட்டால் நல்லது.

1908இன் சிவில் நடைமுறைச் சட்டம் வறண்ட நிலம் என்பார்கள். 60ஆம் பிரிவைப் பாருங்கள். கடன்காரன் வீட்டில் அமீனா ஜப்தி செய்யக் கூடாதவை என்று ஒரு பட்டியல்: உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவி, உழவரின் ஏர், பிழைப்புக்கு வேண்டிய மாடு, விதைநெல். கூடவே, சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத அணிகள். தாலி என்ற சொல் அதில் இல்லை. தாலிக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற தொடர் அது. இரண்டு பிரிவு தள்ளி, பொழுது சாய்ந்து மறுநாள் விடியும்வரை ஜப்திக்காக வீட்டுக்குள் நுழையக் கூடாது என்றும் இருக்கிறது.

இவ்வளவு பாராட்டும்போது ஒன்று உறுத்துகிறது. மோதிரம் நகர்ந்த கணம் எது என்று இத்தனை நுணுக்கமாகத் தேடிய அதே அரசு, 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தைப் போட்டது. அங்கே எதுவும் நகர வேண்டியதில்லை. இன்ன குலத்தில் பிறந்தால் போதும். 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மேல் 1920 ஏப்ரல் 3இல் போலீஸ் சுட்டது. சாதி இல்லாத ஏயைப் படைத்த அரசு, சாதியையே குற்றவாளியாக்கியது. உதாரணங்களை ரசிக்கிறவன் இதையும் படித்துவிட்டுத்தான் ரசிக்க வேண்டும்.

1871இல் சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கும் 1883இல் இலங்கைக்கும் இதே இ.பி.கோ.வை ஒட்டித்தான் தண்டனைச் சட்டம் எழுதினார்கள். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் இ.பி.கோ. இல்லை, பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. திருட்டுக்கு இப்போது எண் 303. பொதிமாடு அங்கேயும் பெட்டியைச் சுமந்துகொண்டு மூன்றாவது உதாரணமாகவே வருகிறது.