உள்ளங்கைக்குள் ஒரு போர் விமானம்

டைகாஸ்ட் மாடல் விமானத்தைக் கையில் எடுத்ததும் முதலில் தெரிவது கனம். பிளாஸ்டிக்கில் கிடைக்காத கனம், துத்தநாகக் கலவைக்கே உரிய சில்லிப்பு. 1:72 அளவில் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் இறக்கை முனைக்கு முனை ஒரு சாண்கூட இல்லை. ஆனால் அதன்மேல் தகடுகள் சேரும் கோடு அத்தனையும் ஓடுகிறது; நகத்தை வைத்து இழுத்தால் மெல்லத் தட்டுப்படும். புகைக்குழாய்க்குப் பின்னால் லேசாகப் படிந்த கரி. இறக்கையில் பூதக்கண்ணாடி வைத்தால்தான் படிக்க முடிகிற 'மிதிக்காதே' எச்சரிக்கை. வளைந்த உலோகத்தில், மெத்தென்ற சிலிக்கோன் திண்டால் நிறம் நிறமாக ஒற்றி எடுக்கிற அச்சு அது. ஓர் இழை விலகினாலும் விமானப்படையின் வட்டச் சின்னம் கோணிவிடும். விலகவில்லை. அச்சிட்ட கையை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

பெங்களூர் சிவாஜிநகரில், ரஸ்ஸல் மார்க்கெட் சத்தம் ஜன்னல் வழியே வந்துகொண்டே இருக்கும்போதுதான் நான் இந்த மாடல்களைத் துடைப்பேன். பழைய ஓவியத் தூரிகைதான் வசதி. துணி என்றால் ஆன்டெனாவை ஒடித்துவிடும். ஸ்பிட்ஃபயரின் புரொப்பல்லரை ஊதினால் சிறு கிரிச்சொலியோடு சுற்றும். எனக்கு நெருக்கமானது நாட் என்ற போர் விமானம். 1965 இந்திய-பாகிஸ்தான் போரில் பறந்த ரகம், இதே பெங்களூரில் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை கட்டியது. அசலே சின்ன விமானம் என்பதால் மாடல் உள்ளங்கையிலேயே அடங்கிவிடுகிறது. பழைய விமான நிலையச் சாலையின் எச்.ஏ.எல். அருங்காட்சியகத்தில் நிஜ விமானங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து இந்த மாடலைத் தடவிப் பாருங்கள், ரிவெட் வரிசைகள் விரலுக்கு இன்னும் நன்றாகப் புரியும்.