தீவும் வேலியும்

'லாஸ்ட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 2004இலிருந்து 2010 வரை ஆறு பருவங்கள் ஓடியது. ஒரு விமானம் தீவில் விழுகிறது. பிழைத்தவர்கள் மீட்புக்குக் காத்திருக்கிறார்கள். போகப்போகத் தீவே இடம் மாறுகிறது, காலத்தில் நழுவுகிறது. ஐந்தாம் பருவத்தில் சிலர் 1970களுக்குள் போய் விழுகிறார்கள். இதையெல்லாம் திண்டிவனத்தில் யார் பார்க்கிறார்கள் என்று தோழர்கள் கேட்கலாம். பார்க்கிறார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடையில் வேலை செய்யும் ஒரு தம்பி எல்லாப் பருவத்தையும் பார்த்து முடித்துவிட்டு என்னிடம் சொன்னான்: "அண்ணா, இது நம்ம குமரிக்கண்டம்ணா. நம்ம கதைய எட்த்துட்டானுங்க."

சிரித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். நம் விமர்சகர்கள் அதைத்தான் செய்வார்கள். ஆனால் அவன் சொன்னதில் விஷயம் இருக்கிறது.

ஒரு பிரதியில் விடப்பட்ட இடைவெளிகளை வாசகர்கள் தம் சொந்தக் கதையாடலால் நிரப்புவதுதான் ரசிகர் கோட்பாடு. 'லாஸ்ட்' அதற்கென்றே இடைவெளி விட்டுச் செய்யப்பட்ட பிரதி. தீவு என்பது செத்தவர்கள் காத்திருக்கும் இடம் என்றார்கள் சிலர். இல்லை என்றார்கள் தயாரிப்பாளர்கள். 4, 8, 15, 16, 23, 42 என்ற எண்களைக் கூட்டிப் பெருக்கிப் பார்த்தார்கள் வேறு சிலர். 2010 மே மாதம் கடைசிப் பகுதி வந்தது, பலருக்குக் கோபம். ஆனாலும் கதை முடிந்தது. எழுதியவன் இருக்கிறான், அவனைத் திட்டலாம், அவ்வளவுதான்.

குமரிக்கண்டத்துக்குக் கடைசிப் பகுதி இல்லை. மதுரையும் கபாடபுரமும் கடலில் போனதை இறையனார் அகப்பொருள் உரை சொல்கிறது. மூன்று சங்கத்துக்கும் சேர்த்து 9990 ஆண்டு கணக்குக் கொடுக்கிறது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் எழுநூற்றுக் காவத அளவையும் நாற்பத்தொன்பது நாடுகளையும் தருகிறார். நூல்கள் தொலைந்ததற்கு உரையாசிரியர்கள் சொன்ன காரணம் இது. ஒரு இனத்தின் பிறப்பிடம் பற்றிய பேச்சு இதில் இல்லை. அந்தப் பேச்சு வேறு வழியாக வந்தது. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒரே மாதிரி விலங்குகள் இருப்பதைப் பார்த்த பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர், நடுவில் ஒரு நிலப்பரப்பு இருந்திருக்க வேண்டும் என்று 1864இல் லெமூரியாவைக் கற்பித்தார். ஹெக்கல் அதில் மனிதனைப் பிறக்க வைத்தார். பிளாவட்ஸ்கி அம்மையார் ஆவியுலகக் குடிகளை ஏற்றினார். நம் அறிஞர்கள் தமிழைக் குடியேற்றினார்கள். 1960களில் கண்டத்தட்டு நகர்வுக் கொள்கை நிலைபெற்றதும் நிலவியலுக்கு லெமூரியா தேவைப்படாமல் போயிற்று. நமக்குத் தேவை போகவில்லை. 1981 மதுரை உலகத் தமிழ் மாநாட்டையொட்டி எம்.ஜி.ஆர். அரசே அதைப் படமாக எடுத்துக் காட்டியது.

இதை வெறும் புளுகு என்று ஒதுக்குகிற பகுத்தறிவு எனக்குப் போதவில்லை. சமஸ்கிருதம்தான் மூலம், நீ கிளை என்று சொல்லப்பட்டவர்கள், கேட்கவே முடியாத தூரத்துக்குத் தம் மூலத்தைக் கொண்டுபோய் வைத்தார்கள். அது ஒரு எதிர்ச்சொல்லாடல். தாழ்த்தப்பட்டவன் கட்டுகிற கதைக்கும் தாழ்த்துகிறவன் கட்டுகிற கதைக்கும் வித்தியாசம் உண்டு. என் கேள்வி வேறு. அந்தத் தீவில் சேரி எங்கே இருக்கிறது?

'லாஸ்ட்' தொடரில் 1970களின் விஞ்ஞானிகள் கூட்டம் ஒன்று வருகிறது. பெயர் 'தர்மா'. பார்த்தால் 'நமஸ்தே' சொல்லிக்கொள்வார்கள். வரிசையாக வீடுகள், புல்தரை, பள்ளிக்கூடம். சுற்றிலும் தூண் நட்டு ஒலியால் ஆன வேலி, தாண்டினால் சாவு. வேலிக்கு வெளியே முன்பே தீவில் இருந்தவர்கள். 'தர்மா'க்காரர்கள் அவர்களுக்கு வைத்த பெயர் 'பகைவர்'. தர்மம் என்ற பெயரில் ஊர், வேலி, வெளியே ஆட்கள்! இதை விழுப்புரத்துக்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் எண்களைப் பெருக்கிய அளவுக்கு இந்த வேலியை ரசிகர்கள் வாசித்ததாக நான் படித்தவரை தெரியவில்லை.

தம்பியிடம் இதைச் சொன்னேன். உடனே மறுத்தான். "சாதியே அப்புறமா வந்ததுண்ணா. குமரியில அது இருந்திருக்காது."

இதுதான் குமரிக்கண்டத்தின் வலுவான கோட்பாடு, அதன் ஆசையும் இதுதான். சாதிக்கு முந்தைய ஒரு தமிழ் நிலம் வேண்டும் என்பது எனக்கும் உள்ள ஆசை. ஆனால் நாற்பத்தொன்பது நாட்டின் பெயரைப் பாருங்கள். தெங்க நாடு, குன்ற நாடு, குறும்பனை நாடு. தென்னையும் குன்றும் பனையும் இருக்கின்றன. அந்தப் பனையில் ஏறியது யார்? திண்டிவனத்துச் சாலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பனை தெரிகிற ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்காமல் எப்படிப் படிக்கிறோம்? உரைகாரர் ஆட்சி செய்தவனையும் பாடியவனையும் எண்ணுகிறார், ஏறியவனை எண்ணவில்லை. பின்னால் வந்த நம் வரைபடங்களும் எண்ணவில்லை.

தொலைந்த நிலம் பற்றிப் பேச இவ்வளவு தூரம் நீந்த வேண்டியதுமில்லை. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் எத்தனை கை மாறிவிட்டது! அதைக் கடல் கொள்ளவில்லை, பட்டாதான் கொண்டது. அதற்கு ஆவணம் உண்டு, ஆய்வாளர் உண்டு, போராடியவர்கள் உண்டு. ரசிகர்கள்தான் இல்லை.

காலப்பயணமும் அப்படித்தான். தொடரில் 1977இல் குண்டை வெடித்து நடந்ததை நடக்காமல் ஆக்கப் பார்க்கிறார்கள். நடந்தது நடந்ததுதான் என்கிறான் ஒருவன். மாற்றலாம் என்று பிறகு அவனே சொல்கிறான். அடுத்த வருஷம், 1978 ஜூலையில், இதே விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். பத்தாயிரம் வருஷம் பின்னால் போகத் துணிகிற நம் கற்பனை, அந்த ஜூலையில் இறங்க மறுக்கிறது. இறங்கினால் வேலிக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று முடிவு செய்ய வேண்டிவரும்.

பக்கத்தில் திருவக்கரையில் இரண்டு கோடி ஆண்டுப் பழைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. பௌர்ணமிக்கு வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் பாதிகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்றே தோன்றுகிறது. தம்பியை அங்கே கூட்டிப்போனேன். அந்த மரங்களில் வேரும் இல்லை, கிளையும் இல்லை. எங்கேயோ முளைத்ததை வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து இங்கே புதைத்தது என்பது நிலவியலாளர் முடிவு. ஒரு அடிமரத்தின்மேல் கைவைத்துக்கொண்டு, "அப்போ இது இந்த ஊரு மரமே இல்லியாண்ணா?" என்று கேட்டான். ரொம்ப நேரம் பேசவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அடியார்க்குநல்லார் உரையைக் கேட்டான். கொடுத்தேன். இன்னும் திருப்பித் தரவில்லை. பனை வருகிற இடங்களில் எல்லாம் பென்சிலால் கோடு போட்டு வைத்திருப்பதாகக் கடைக்காரர் சொன்னார்.