நான்கு புள்ளி உயிர்

உடல் வலிமையற்ற ஒருவன் முன்யோசனையை மட்டும் துணையாகக் கொண்டு பிழைக்க முடியுமா? இக்கேள்வியை நம் முன் வைக்கும் கணிப்பொறி விளையாட்டு ஒன்று உண்டு. கனடாவின் பயோவேர் நிறுவனம் உருவாக்கி, 1998இல் வெளிவந்த 'பால்டர்ஸ் கேட்' என்பது அது. மாய உலகில் நடக்கும் இக்கதையில் போர்வீரனாகவும் தொடங்கலாம், மந்திரவாதியாகவும் தொடங்கலாம். தொடக்க நிலை மந்திரவாதியின் பாட்டைத்தான் இங்கு ஆராய்வோம்.

இதன் விதிகள், கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் 1974இல் அமெரிக்காவில் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டின் வழிவந்தவை. வீரனின் உயிர்ப்புள்ளிகளைப் பத்துமுகப் பகடையும், மந்திரவாதியின் புள்ளிகளை நான்குமுகப் பகடையும் தீர்மானிக்கின்றன. நம் தாயக்கட்டைக்கும் முகங்கள் நான்கே! முதல் நிலையில் மட்டும் பகடையின் உச்ச எண் அப்படியே கிடைக்கும். உடலுறுதிக்கான கூடுதலை நீக்கிப் பார்த்தால், வீரனுக்கு 10, மந்திரவாதிக்கு 4.

நீள்வாளின் அடி ஒன்றுக்கு 1 முதல் 8 புள்ளி வரை போகும். நான்கும் அதற்கு மேலும் ஐந்து எண்கள். ஆகவே ஓர் அடி பட்டால் மந்திரவாதி இறக்கும் நிகழ்தகவு 5/8. வீரனோ ஓரடியில் சாவதில்லை.

இவனுக்குள்ள ஆயுதம் என்ன? நாளுக்கு ஒரே ஒரு மந்திரம். உறக்க மந்திரத்தைத் தக்க நேரத்தில் ஏவினால் பலம் குறைந்த பகைவர் பலர் ஒருசேர வீழ்வர். நேரம் தவறினால் ஓடவேண்டியதுதான். பன்றி வேட்டைக்குப் பெயர்பெற்ற ராஜபாளையம் நாயைப்போல வீரன் நேரே பாய்கிறான். ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காட்டின் சாம்பல் அணிலோ தரையைத் தவிர்த்துக் கிளைவிட்டுக் கிளை தாவிப் பிழைக்கிறது. மந்திரவாதிக்கும் தொலைவே கவசம். இந்த வேறுபாட்டை விதிகளாலேயே உணர்த்துவது விளையாட்டின் சிறப்பு.

பொறுத்திருப்பவனுக்குப் பலனும் உண்டு. முதல் நிலையில் ஒரே ஒரு மந்திர அம்பு எய்பவன், ஒன்பதாம் நிலையில் ஐந்து எய்வான்.

ஆனால் பெருங்குறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆட்டத்தை இடையில் பதிவுசெய்து, இறந்தபின் அங்கிருந்தே மீண்டும் தொடங்கலாம். ஓர் அடியில் தப்பும் வாய்ப்பு 3/8தான். எனினும் ஐந்து முறை முயன்றால், ஒரு முறையாவது தப்பும் வாய்ப்பு சுமார் 90 விழுக்காடு! முன்யோசனை கற்பிக்க வேண்டிய ஆட்டம், திரும்பத் திரும்ப அதிர்ஷ்டத்தைச் சோதிக்கும் ஆட்டமாகிவிடுகிறது. ஒரு மந்திரம், பிறகு உறக்கம், மறுபடி ஒரு மந்திரம் என்ற சுற்றும் சலிப்பூட்டுகிறது. எனவே, பதிவை மீட்காமல் ஆடுவதென்று உறுதி செய்துகொண்டு தொடங்குங்கள். அப்போதுதான் அந்த நான்கு புள்ளிகளின் அருமை விளங்கும்.

கணிப்பொறி இல்லாதோரும் இதைச் சோதிக்கலாம். ஒரு தாயக்கட்டையையும் ஒரு நாணயத்தையும் சேர்த்து வீசுங்கள். கட்டையின் வெற்று முகத்தை 4 எனக் கொள்ளுங்கள். நாணயத்தில் தலை விழுந்தால் 4 கூட்டுங்கள். இப்படி 1 முதல் 8 வரை எண்கள் கிடைக்கும். நாற்பது முறை வீசி, எத்தனை முறை 4 அல்லது அதற்கு மேல் வந்தது எனக் குறித்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 25 வரவேண்டும். அத்தனையும் மந்திரவாதியின் மரணங்கள்!