உருமாற்றும் ஆற்றல் யார் கையில்? சீவகசிந்தாமணியும் ‘என் இனிய இயந்திரா’வும்

தமிழ் அறிவியல் புனைகதை பற்றிய ஆய்வேடுகள் பலவும் சுஜாதாவின் நாவல்களை மேலைநாட்டுச் சரக்கின் தமிழ்ப் பதிப்பு என்றே மதிப்பிட்டு அமைகின்றன. ஆர்வெல்லின் கண்காணிப்பு அரசும் அசிமோவின் எந்திர மனிதரும் ஒப்பீட்டுக்கு வந்துவிட்டால் ஆய்வு முடிந்ததாகக் கருதப்படுகிறது. இம்மதிப்பீடு முற்றும் பிழை அன்று. ஆனால் பாதியே உண்மை. மறுபாதியைக் காண நம் காப்பியங்களுக்குத் திரும்ப வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

பிரபுக் குடிகளின் பகை, அரண்மனைச் சூழ்ச்சி, காதல், மன ஆற்றல் ஆகியவற்றை விண்வெளியில் நிகழ்த்திக் காட்டும் கதைவகைக்கு ‘ஸ்பேஸ் ஆப்பரா’ என்று பெயர். 1941இல் வில்சன் டக்கர் இப்பெயரை இட்டபோது அது வசைச்சொல்லாகவே இருந்தது. 1965இல் நூலாக வெளிவந்த பிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’ இவ்வகைக்கு ஒரு மதிப்பைத் தேடித்தந்தது. அந்நாவலில் அட்ரைடிஸ் குடியின் தலைவன் வஞ்சகத்தால் வீழ்கிறான். கருவுற்றிருக்கும் அவன் துணைவியும் மகன் பாலும் சிறகடித்துப் பறக்கும் ஊர்தியொன்றில் பாலைநிலத்துக்குத் தப்புகின்றனர். அங்கே மன ஆற்றல் முதிரப்பெற்ற மகன் பகைவரை வென்று அரியணை ஏறுகிறான்.

திருத்தக்கதேவரைப் பயின்றோர்க்கு இக்கதை புதிதன்று. ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தன், மனைவி விசயையின்மேல் கொண்ட பெருங்காதலால் ஆட்சியை அமைச்சன் கட்டியங்காரனிடம் ஒப்படைக்கிறான். அமைச்சன் வஞ்சித்து நாட்டைக் கவர்கிறான். நிறைசூலியான விசயை மயிற்பொறியில் ஏறித் தப்பிச் சுடுகாட்டில் இறங்கிச் சீவகனைப் பெறுகிறாள். வணிகன் கந்துக்கடன் வீட்டில் வளரும் அவன் வித்தியாதரர் உலகத்துக் காந்தருவதத்தையை யாழிசையில் வென்று மணந்து, பல நாடுகளில் அலைந்து, இறுதியில் இராசமாபுரத்தை மீட்கிறான். ஹெர்பர்ட் சிந்தாமணியை அறிந்திருந்தார் என்று வாதிடுவது இங்கு நோக்கம் அன்று. இழந்த அரியணையும் பறக்கும் பொறியும் மறைந்து வளரும் மகனும் நம்மிடம் பத்தாம் நூற்றாண்டிலேயே ஒரே கதையில் இணைந்திருந்தன என்பதே கருதத்தக்கது. 1887இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த பின்னர் இந்நூலின் சமணத் தத்துவத்தையும் அணிநலத்தையும் பேசிய அளவுக்கு இதன் கதைப்பின்னலை நாம் பேசவில்லை.

இக்காப்பியத்தில் மன ஆற்றல் எவ்வழி வருகிறது என்பது குறிப்பிடத்தக்கது. அந்தணரால் அடித்து வீழ்த்தப்பட்ட நாயொன்றின் செவியில் சீவகன் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதுகிறான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து நன்றி மறவாது அவனுக்குத் துணைநிற்கிறது. இன்குரல் தருவது, நஞ்சு முதலியன நீக்குவது, வேண்டிய உருவம் கொள்ளச்செய்வது என மூன்று மந்திரங்களை அளிக்கிறது. ஆடவரை வெறுத்த சுரமஞ்சரியிடம் சீவகன் முதியவனாகச் செல்வது அம்மந்திரத்தின் பயன். மணிமேகலையிலும் இதுவே நிலை. உதயகுமரனிடமிருந்து தப்பக் காயசண்டிகை வடிவையும், அரசமாதேவியின் சூழ்ச்சியை முறியடிக்க ஆண் வடிவையும் மணிமேகலை கொள்கிறாள். அரசன் மகனிடம் படை உண்டு, அரசியிடம் சிறை உண்டு. உருமாற்றும் ஆற்றல் மட்டும் துரத்தப்படுபவள் கையில் உள்ளது.

1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’வை இப்பின்னணியில் வைத்துப் படிக்கலாம். 2020களின் தொடக்கத்தில் நிகழ்வதாகப் புனையப்பட்ட கதை அது. அதிலும் துணைவரும் ஒரு நாய் உண்டு. எந்திர நாய் ஜீனோ புத்தகம் படிக்கிறது, கேலி பேசுகிறது, கணவனைத் தேடும் நிலாவுக்கு அறிவாலும் துணிவாலும் உதவுகிறது. சுதஞ்சணனின் வழித்தோன்றல் என்று அதனைச் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் உருமாற்றும் ஆற்றல் இங்கே இடம் மாறிவிட்டது. நாட்டை ஆளும் ஜீவா, ஒளியால் ஆன வெறும் பிம்பம். மந்திரம் துரத்தப்படுவோரை விட்டுத் துரத்துவோரிடம் போய்ச்சேர்ந்த இம்மாற்றத்தை மேலைநாட்டு ஒப்பீடுகள் காட்டித் தரா.

குடிப்பெருமையும் உடன் அழிகிறது. இந்நாவலில் எவர்க்கும் இரண்டெழுத்துப் பெயரே: நிலா, சிபி, ரவி, மனோ. குலமும் ஊரும் தந்தை பெயரும் அரசாணையால் நறுக்கப்பட்டுவிட்டன. பழுவேட்டரையர், கொடும்பாளூர் வேளிர் என்று குடிப்பெயர்களாலேயே கதையை நகர்த்திய கல்கியின் வாசகர் வழியினர்க்கு இது பேரதிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும். மீட்கப்பட வேண்டிய இளவரசன் எவனும் இந்நாட்டில் இல்லை.

இந்நாவலின் ஆசிரியர் பெங்களூருவில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்து, மின்னணு வாக்குப்பதிவு எந்திர உருவாக்கத்தில் பங்காற்றியவர். குடிப்பிறப்பை நீக்கி எண்ணிக்கையால் ஆட்சியை முடிவுசெய்யும் கருவியை அறிந்தவரே, எண்ணிக்கைக்கும் அப்பால் ஒரு பிம்பம் ஆளக்கூடும் என எழுதினார். இக்கட்டுரை எழுதப்படும் மர்பி டவுன் அந்நகரின் பழைய கண்டோன்மென்ட் பகுதியில், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் இடம். அருகிலுள்ள அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடிக்கிடந்து 9-8-2009 அன்று திறக்கப்பட்டது. உள்ள உருவத்தை மறைத்துவைப்பதும் இல்லாத உருவத்தைக் காட்டுவதும் அரசியலில் ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ளவை அல்ல என்பதை இங்கு வாழும் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை.

காதலைப் பொறுத்தவரை சுஜாதா திருத்தக்கதேவருக்கு அருகிலும் வரமாட்டார். நிலா, சிபி உறவு கதையைத் தொடங்கிவைக்கும் காரணமாக மட்டுமே நிற்கிறது. தொடர்கதையின் அவசரம் பல இடங்களில் தெரிகிறது. எனினும் பிம்பம் கலைந்த பின் அரியணையை வெறுமையாக விடாததில் அவருடைய நுட்பம் உள்ளது. நிலா அரசியாக்கப்படுகிறாள். ‘மீண்டும் ஜீனோ’வில் அவள் பொம்மை அரசி, பின்னிருந்து இயக்குவோர் ரவியும் மனோவும்.

சிந்தாமணியின் முத்தி இலம்பகத்தில் ஒரு காட்சி. ஆண்குரங்கு தன் துணைக்குக் கொடுத்த பலாச்சுளையைச் சோலைக் காவலன் கவர்ந்து உண்கிறான். அதைக் கண்ட சீவகன் கட்டியங்காரனையும் தன்னையும் நினைக்கிறான். அரசு கைமாறும் பழம் என உணர்ந்து துறக்கிறான். நிலாவுக்குத் துறவு வழி இல்லை. பழம் அவள் கையில் வைக்கப்பட்டிருக்கிறது, உண்பவர்கள் வேறு.