பொணத்த யார் எடுத்தது?

குருதத்தின் 'காகஜ் கே பூல்' (காகிதப் பூக்கள், 1959) படத்தைத் தோழர் ஒருவர் வீட்டில் இரண்டாம் முறையாகப் பார்த்தேன். எம்.ஏ. படிக்கிற காலத்தில் பார்த்து அழுத படம். இந்தத் தடவையும் அழுதேன். ஆனா வேற எடத்துல.

சுரேஷ் சின்ஹா புகழின் உச்சியில் இருக்கிற இயக்குநன். மாமனார் வீட்டு மேட்டுக்குடிக்குச் சினிமாத் தொழிலே கேவலம். மனைவியைப் பிரிந்து கிடக்கிறான், மகளைப் பார்க்கவும் விடுவதில்லை. டெல்லியில் மழைக்கு ஒதுங்கிய மரத்தடியில் சாந்தி என்கிற அநாதைப் பெண்ணுக்குத் தன் கோட்டைக் கொடுத்துவிட்டு வருகிறான். அதைத் திருப்பித் தர வந்தவள் தெரியாத்தனமாகக் காமிராவுக்குள் நடந்துவிட, நட்சத்திரம் ஆகிறாள். காதல் வருகிறது, ஊர் பேசுகிறது. மகள் வந்து கெஞ்சினதும் சாந்திதான் விலகிப்போய்க் கிராமத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறாள். ஒப்பந்தம் அவளைத் திரும்பச் சினிமாவுக்கே இழுத்து வருகிறது. குடித்து அழிந்த அவனோ, அவள் நீட்டும் கையைத் தன்மானத்தின் பேரால் தள்ளிவிடுகிறான். தன்மானம் பார்க்கிற வசதிகூட அவளுக்கு இல்லை. இதை நம் விமர்சகர்கள் யாரும் பேசிப் படித்ததில்லை. கலைஞனின் துயரம், கலைஞனின் துயரம் என்றே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். (சாந்தியாக நடித்த வஹீதா ரஹ்மான் நம் செங்கல்பட்டில் பிறந்தவர்.)

படத்தில் வீழ்ச்சியின் கடைசிப் படி எது? துணை நடிகனாக வந்து நிற்பது. எக்ஸ்ட்ரா. சாந்தி பின்னித் தந்த ஸ்வெட்டர் கிழிசலாய் உடம்பில் கிடக்க, அதை வைத்துத்தான் அவனை அவள் அடையாளம் காண்கிறாள். நமக்கு நெஞ்சு அடைக்கிறது. சரி, அவன் பக்கத்தில் நின்ற மற்ற எக்ஸ்ட்ராக்கள்? அவனுக்கு நரகமாக இருக்கிற இடம் அவர்களுக்கு அன்றாடச் சோறு. அவர்கள் எங்கிருந்தும் விழுந்து வந்தவர்கள் இல்லை.

ஒளிப்பதிவாளர் வி.கே. மூர்த்தி கண்ணாடிகளை வைத்து வெளி வெயிலை ஸ்டுடியோவுக்குள் திருப்பிப் பாய்ச்சிய அந்த ஒளிக்கற்றையை எத்தனை முறையும் பார்க்கலாம். இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம் இது. ஆனாலும் ஓடவில்லை. பிறகு குருதத் எந்தப் படத்துக்கும் இயக்குநர் என்று தன் பேரைப் போட்டுக்கொள்ளவில்லை. 1964இல், 39 வயதில் போய்விட்டார்.

கடைசியில் சுரேஷ், பழைய ஸ்டுடியோவில் இயக்குநர் நாற்காலியிலேயே செத்துக் கிடக்கிறான். காலையில் படப்பிடிப்பு நடந்தாக வேண்டும். பொணத்தை அப்புறப்படுத்தச் சொல்லி அதட்டுகிறது ஒரு முதலாளிக் குரல். நான் அழுதது அங்கேதான். அந்தக் குரலைப் படத்தில் வைத்ததற்காகக் குருதத்தை மதிக்கிறேன்.

ஊருக்குப் போனபோது எங்கய்யாகிட்ட இந்தக் கதையைச் சொன்னேன். சாவுச் சேதி சொல்லவும் குழி வெட்டவும் போன மனுசன். புகழைப் பத்தியோ காதலைப் பத்தியோ ஒரு வார்த்தை கேக்கல.

"தூக்கிப் போட்டவனுங்க தலை முழுகப் போனானுங்களா, இல்ல அப்படியே வேலைக்கு நின்னானுங்களா?" என்றார்.