கதவைக் காக்கும் கணிப்பொறி சுவரைக் காக்குமா?

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தருகே உள்ள லலிதா ஜுவல்லரியில் 2019 அக்டோபர் 2 அதிகாலையில் நடந்த களவை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பின்புறச் சுவரைத் துளைத்துப் புகுந்தவர்கள் ஏறக்குறைய 13 கோடி ரூபாய் நகைகளைக் கொண்டு சென்றனர். காமிராக்கள் பழுதின்றி வேலை செய்தன. விலங்கு முகமூடி அணிந்த இருவரையும் படம் பிடித்து வைத்தன. ஆனால், காலையில் கடையைத் திறந்தபோதுதான் செய்தி தெரிந்தது. அம்மாத இறுதியில் கைலாசபுரம் பெல் வளாகத்தில், ஊழியர் கூட்டுறவு வங்கியில் 1.43 கோடி ரூபாய் களவு போயிற்று. அதுவோ காவலுக்குள் இருந்த இடம்!

இன்று அலுவலகங்களும் கல்லூரிகளும் வாங்கும் நுழைவுக் கட்டுப்பாட்டு மென்பொருளின் விளம்பரத் தாள்களில் 'கணிப்பொறி இரவும் பகலும் கண்காணிக்கிறது' என்று அச்சிட்டிருக்கிறார்கள். இது மிகைக் கூற்று. கணிப்பொறி குறித்து வைக்கிறது, அவ்வளவே.

எதைக் குறிக்கிறது என்று பார்ப்போம். கதவோரப் பெட்டியிலுள்ள கம்பிச் சுருளில் வினாடிக்கு 1,25,000 முறை அலைவுறும் மின்னோட்டம் பாய்கிறது. அட்டையை அருகில் கொண்டு சென்றால், அதனுள் இருக்கும் சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. பாரடே கண்ட அதே விதிதான், பாட்டரி வேண்டியதில்லை. உயிர்பெற்ற சில்லு தன் எண்ணைச் சொல்கிறது. பரவலாக வழங்கும் 26 பிட் முறையில் அட்டை எண்ணுக்கு 16 பிட்டுகள். ஆக, 65,536 எண்களே உண்டு. இப்பழைய வகை அட்டை, கேட்கும் எந்தக் கருவிக்கும் தன் எண்ணைச் சொல்லிவிடும். எனவே நகலெடுப்பது எளிது. சங்கேதப் பூட்டு உள்ள மைஃபேர் கிளாசிக் அட்டையையும் 2008இல் நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழகத்தார் உடைத்துக் காட்டினர்.

ஆகவே, '9.12க்கு இன்னார் நுழைந்தார்' என்று திரையில் தெரிந்தால், 9.12க்கு அந்த எண் கேட்டது என்பதே அதன் பொருள். ஒருவர் கதவைத் திறக்க, பின்னால் பத்து மாணவர்கள் நுழைந்தாலும் கணக்கில் ஒருவர்தான். தீப்பிடித்தால் தீயணைப்பு வீரர் கையில் கிடைப்பதும் இந்தக் கணக்கே! மின்சாரம் நின்றால் காந்தப் பூட்டு திறந்துகொள்ளும். உள்ளே இருப்பவர் தப்பிக்க அப்படித்தான் இருக்க வேண்டும். விற்பவர் இதைச் சொல்வதில்லை என்பதே என் குறை.

சுவருக்கு அட்டை கிடையாது. அதற்கு அதிர்வை மின்னழுத்தமாக மாற்றும் படிக உணர்விகள் தேவை. ஆனால் சாலையில் லாரி போனாலும் அவை மணி அடிக்கும். நான்கு இரவு பொறுத்துவிட்டு ஐந்தாம் இரவில் காவலர் இணைப்பைப் பிடுங்கிவிடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. லாரியின் உறுமலையும் துளைப்பானின் விடாத அதிர்வையும் பிரித்தறிந்து, விழித்திருக்கும் ஒருவருக்கு உடனே சொல்வதுதான் மென்பொருளுக்கு உரிய வேலை. நான் பார்த்த விலைப்பட்டியல்களில் முகத்தை அறியும் காமிரா முதல் வரியில் இருந்தது. சுவர் உணர்வி எதிலும் இல்லை.